மொய் நோட்டும் பொட்லாட்சும்

வான்கூவர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். அப்பாவின் பழைய மொய் நோட்டைப் புரட்டி, யாருக்குத் திருப்பிச் செய்தோம், யாருக்குப் பாக்கி என்று பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். (கரையான் அதை விட்டுவைத்ததே பெரிசு.) படித்ததும், போன மாதம் நான் அசடு வழிந்த கதையை உனக்குச் சொல்லத் தோன்றியது.

இங்கே ஓர் அறக்கட்டளையில், நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு. கடலோரப் பழங்குடி ஊர் ஒன்றிலிருந்து விண்ணப்பம் வந்தது. பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்கப் பணம் கேட்டிருந்தார்கள். செலவுப் பட்டியலின் கடைசியில் ‘விருந்து, வந்தவர்களுக்கு அன்பளிப்பு’ என்று ஒரு வரி. முப்பது வருஷம் ஆடிட்டராக இருந்த புத்தி எங்கே போகும்? சிவப்பு மையில் அடித்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ஊர்ப் பெரியம்மா ஒருவர் வந்தார். கோபப்படவில்லை. பெயர் சூட்டினாலும் சரி, பட்டம் கொடுத்தாலும் சரி, வந்து பார்த்தவர்கள்தான் சாட்சி, சாட்சிக்குக் கொடுக்காவிட்டால் எங்களுக்கு அது நடந்ததாகவே ஆகாது என்றார். நமக்கு நோட்டு சாட்சி, அவர்களுக்கு ஆள் சாட்சி. இது தெரியாமல் நான் பாட்டுக்கு அடித்திருக்கிறேன்.

அந்த விருந்துக்குப் பொட்லாட்ச் என்று பெயர். வருஷக்கணக்கில் சேர்த்ததை ஊர் கூட்டி அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். எவ்வளவு வைத்திருக்கிறான் என்பதில் இல்லை மதிப்பு, எவ்வளவு கொடுத்தான் என்பதில். அரசாங்கத்துக்கும் பாதிரிமார்களுக்கும் இது ஊதாரித்தனமாகப் பட்டது. 1885 முதல் கனடாவில் அது குற்றம். 1921-இல் டான் க்ரான்மர் என்பவர் வில்லேஜ் தீவில் பெரிய பொட்லாட்ச் வைத்தார். படகு, தையல் மெஷின், கிராமபோன், பில்லியர்ட்ஸ் மேசை, மாவு மூட்டை என்று கொடுத்துத் தீர்த்தார். 45 பேர் மேல் வழக்கு. சடங்கு முகமூடிகளையும், கௌரவச் சின்னமான செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் ஜெயில் இல்லை என்று பேரம் பேசினார்கள். அப்படியும் 20 பேர் உள்ளே போனார்கள். ஒப்படைத்தவை ஒட்டாவா, டொராண்டோ, நியூயார்க் என்று போய்ச் சேர்ந்தன. சட்டத்திலிருந்து தடை விலகியது 1951-இல்தான். பறிபோனவற்றில் திரும்பி வந்தவற்றை வைக்க அலர்ட் பே ஊரில் 1980-இல் ஊமிஸ்டா என்ற பண்பாட்டு மையம் கட்டினார்கள்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் கேள். பத்து லட்சம் டாலருக்கு மேல் உள்ள சொத்தில் ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு 5 சதவீதம் செலவழித்தால் போதும். 2023-க்கு முன்னால் அதுகூட இல்லை, மூன்றரைதான். மீதி பங்குச் சந்தையில் குட்டி போடும். எங்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பெரும்பாலான நிலம் பழங்குடிகளிடமிருந்து எந்த ஒப்பந்தமும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. மரமும் சால்மன் மீனும்தான் பல பழைய பணக்காரக் குடும்பங்களுக்கு முதல். வீட்டைக் காலி செய்து கொடுத்தவனுக்கு ஜெயில், நூற்றில் ஐந்து கொடுப்பவனுக்குக் கட்டடத்தில் பெயர்!

பெரியம்மா கூடுதல் பணம் கேட்கவில்லை. “இந்த மேசையில் எங்கள் ஆட்களுக்கு இடம் வேண்டும், எதை அடிப்பது என்று நாங்களும் சொல்கிறோம்” என்றார். என் பக்கம் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அடித்த வரியைத் திரும்பச் சேர்த்தாயிற்று. என் நாற்காலியை அவர்களுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்கிறார்கள். அந்தச் சொல்லை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

அப்புறம், முட்டி வலி எப்படி இருக்கிறது? கல்யாணத்துக்கு வரப் பார்க்கிறேன், டிக்கெட் விலைதான் மலைக்க வைக்கிறது. வராவிட்டாலும் என் பேரில் ஐயாயிரத்து ஒன்று எழுதிவிடு, பணம் அனுப்புகிறேன். ஊர் என்ற இடத்தில் வான்கூவர் என்று போட்டுவிடாதே. பேராவூரணி என்றே இருக்கட்டும்.

உன்,
சேகர்