கான்ட்ராஸ்ட் மருந்து கட்டியில் ஒட்டுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், 'கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டில் ஏற்றும் மருந்து புற்றுக்கட்டியில் ஒட்டிக்கொண்டு பளிச்சிடும்' என்று வந்திருக்கிறது. ஸ்கேன் அறையிலேயே காலம் தள்ளிய செவிலியர் நான். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் அந்த மருந்து எங்கும் ஒட்டாது. சோனோவியூ போன்றவற்றில் இருப்பவை சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகள். ரத்தக்குழாயை விட்டு வெளியேறாமல் ரத்தத்தோடு ரத்தமாக ஓடுபவை. கல்லீரல் ஸ்கேனையே பாருங்கள். கல்லீரலுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு ரத்தம், குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகச் சற்றுத் தாமதித்து வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால்தான் அரை நிமிடத்துக்குள் திரையில் கட்டி முந்திக்கொண்டு வெளுக்கிறது. பிறகு சுற்றிலும் கல்லீரல் வெளுப்பாக இருக்கும்போதே பல கட்டிகள் மங்குகின்றன. ஒட்டிக்கொண்ட மருந்து எப்படி ஐயா மங்கும்? ஹீமாஞ்சியோமா என்ற தீங்கற்ற கட்டியிலோ ரத்தம் மெல்ல நகர்வதால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திட்டுத்திட்டாக நிரம்பும்.

மெல்லிய ஊசியில் குமிழி உடையும் என்று முழங்கை மடிப்பில் பருத்த வென்ஃப்ளானாக (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடுவோம். மருந்துக்குப் பின்னாலேயே சலைனைத் தள்ளி, நொடி எண்ணத் தொடங்குவோம். இதயம் பலவீனமானவர் என்றால் திரை வெளுக்கவே நேரம் பிடிக்கும். அதே மருந்து, அதே அளவுதான். ரத்த ஓட்டம் மந்தம்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு இணைப்பிதழில், ஒலி அலையால் மட்டுமே பார்க்கும் அல்ட்ராசவுண்டைக் கதிர்வீச்சுப் பரிசோதனைகளோடு சேர்த்துப் போட்டீர்கள். பிறகு 'கான்ட்ராஸ்ட் எதுவானாலும் சிறுநீரகத்துக்கு ஆபத்து' என்று வந்தது. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்துக்கான எச்சரிக்கை அது. குமிழியில் உள்ள வாயு மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியதால் சிடி கான்ட்ராஸ்ட் வேண்டாம் என்று எங்களிடம் அனுப்பப்பட்ட பெரியவர் ஒருவர், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "பத்திரிகையிலேயே போட்டிருக்கும்மா" என்று சொல்லி, ஊசி போட்டுக்கொள்ளாமலே எழுந்து போனார். அச்சில் வந்ததை மீறி என் பேச்சு எடுபடவில்லை. அன்றே தங்களுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை.

இந்த மருந்துக்கும் அரிதாக ஒவ்வாமை வரும். இதய நோய் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பயமுறுத்தாமல் அதையும் எழுதலாமே. அடுத்த இதழில் அதே மருத்துவப் பகுதியில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். என் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி