ஞாயிறு மதியச் சாப்பாடு: தொடுகறி யார் யார்?

எல்லாருக்கும் வணக்கம். மே 10 ஞாயிறு, மதியம் 12.30-க்கு கீழ்த்தளத்தில் சேர்ந்து சாப்பிடுகிறோம். சோறு, சாம்பார், இலை குழுப் பொறுப்பு. தொடுகறி வீட்டுக்கு ஒன்று. 1 கிலோ காய் போதும்.

1. வெள்ளரிக்காய் கிச்சடி (4 வீடு): நறுக்குமுன் ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் கிள்ளி ருசி பாருங்கள். ஒரு கசப்புக் காய் சேர்ந்தாலும் எல்லாம் பாழ். காயைப் பொடியாக நறுக்கி உப்புடன் வேகவிடுங்கள். ஒரு மூடி தேங்காய், 4 பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி நைசாக அரைத்தபின், கடைசியில் 1 ஸ்பூன் கடுகு போட்டு ஒரே சுற்று. கடுகு அதிகம் அரைந்தால் கசக்கும். அரைப்பைக் காயில் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறியபின் அரை லிட்டர் தயிர். சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும். தாளிப்பு தேங்காய் எண்ணெயில்தான், வேறு எண்ணெய் வேண்டாமே!

2. பயத்தங்காய் துவரன் (3 வீடு): தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் குழையும். தேங்காய், சீரகம், மிளகாய், உள்ளி (சின்ன வெங்காயம்) ஒன்றிரண்டாக அரைத்தால் போதும்.

3. மாங்காய் பச்சடி (2 வீடு): வெல்லம் புளிப்பைப் பார்த்துப் போடுங்கள்.

4. முந்தின இரவே செய்ய வேண்டாம். இந்த வெக்கையில் தேங்காய் அரைத்த கறி சீக்கிரம் ஊசிப்போகும். காலை 10 மணிக்குமேல் செய்தால் நல்லது.

5. வீட்டு எண், கறி பெயர், வருவோர் எண்ணிக்கை மூன்றையும் வெள்ளி மாலை 6-க்குள் இங்கேயே பதிவிடுங்கள். சனி காலை வடசேரி சந்தைக்குப் போகிறோம். காய் சேர்த்து வாங்க வேண்டுமானால் அதையும் சொல்லுங்கள்.