நன்கொடை அட்டை

ஈசூன், சிங்கப்பூர்,
7 செப்டம்பர் 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதம் சித்திரையில் வந்தது. இப்போது ஆவணி முடியப்போகிறது. "இருக்கியா, செத்துட்டியா?" என்று நீ அனுப்பிய குரல்பதிவையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி போன வருஷம் போலவேதான். பெரியவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள், சின்னவன் தொடக்கநிலை மூன்று. பெர்த்தில் குளிர் விட்டதா? உன் எலுமிச்சை மரம் காய்த்தால் ஊறுகாய் போடத் தெரியாமல் என்னைத்தான் கூப்பிடுவாய், தெரியும்.

ஒரு விஷயம் எட்டு நாளாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். ஏன் உன்னிடம் என்பது போகப்போகப் புரியும்.

சின்னவன் பள்ளியில் பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாம் படித்தபோது அம்மாக்கள் எல்லாம் பள்ளி கேட்டோடு சரி. உன் பாட்டி மட்டும்தான் தூக்குச்சட்டியோடு வாசல் காவல்காரர் ஜாகாவைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள். 1998-இல் கல்வி அமைச்சு காம்பஸ் என்று ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. பள்ளிகளில் பெற்றோர் குழுக்கள் பெருகியதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குச் சேலை கட்டிவிடுவது, ஆசிரியர் தினத்துக்குப் பூங்கொத்து கட்டுவது, வருஷக் கடைசியில் பழைய பாடப்புத்தகம் சேர்ப்பது எல்லாம் நாங்கள்தான். சிலர் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் தொண்டு செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உள்ள 2பி கட்டத்தில் இடம் கிடைக்கும் என்று 40 மணி நேரத் தொண்டுக்காக வருகிறார்கள். மணிக்கணக்கு முடிந்ததும் காணாமல் போகிறவர்கள் உண்டு, அது எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஒரு சீனத் தாய், ஜூனிலேயே அவருடைய 40 மணி நேரம் முடிந்துவிட்டது, இன்னமும் வாரம் தவறாமல் வந்து நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறார். அவரைப் பார்த்த பிறகு யாரையும் பொத்தாம்பொதுவாகக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, நிதி திரட்டக் கேளிக்கை விழா நடத்தினோம். சேரும் பணம் பள்ளியின் மாணவர் நலநிதிக்கு. அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கு இந்த வருஷத்திலிருந்து குடும்ப வருமானம் மாதம் 4,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைக்கு 1,000 வெள்ளிக்குள். முன்பு 3,000, 750 என்று இருந்ததை உயர்த்தியிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் எந்தக் கோட்டைப் போட்டாலும் அதை ஒட்டி அந்தப்பக்கம் சிலர் நிற்கத்தானே செய்வார்கள்? நாலு பேர் உள்ள வீட்டில் 4,300 வந்தால் இரண்டு கணக்கிலும் வெளியே. அப்பா கூடுதல் நேரம் வேலை பார்த்ததே பிள்ளைக்குப் பாதகமாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி, காலணி, கற்றல் பயணச் செலவு என்று கைகொடுக்கத்தான் இந்த நிதி.

தமிழ்ப் பெற்றோர் நாங்கள் ஆறே பேர். வடை சுடலாம் என்றால் மண்டபத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. கடைசியில் கச்சாங் பூத்தே, அதான் வறுத்த கடலை, பட்டாணிக் கடை போட்டோம்! தலைச்சுமையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நம் அடுக்குமாடி புளோக் அடியில் வருவாரே தாத்தா, அதே மாதிரி காகிதக் கூம்பில். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் நிலக்கடலையை விட்டுவிட்டு, கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு, மரவள்ளி வறுவல் மட்டும். லிட்டில் இந்தியாவில், நம் தேக்காவில், சாமான் வாங்கி, விடிய விடிய ஒரு மலாய்த் தோழியின் வீட்டில் வறுத்தோம், முஸ்லிம் பிள்ளைகளும் தயங்காமல் சாப்பிட வேண்டுமே. பதினொரு மணிக்குள் முக்கால்வாசி விற்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் வண்ண உடையில் வந்திருக்க, அவன் மட்டும் பள்ளிச் சீருடையில். கடை ஓரத்தில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தான். என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஆன்ட்டி, கூப்பன் இல்லாம சும்மா பார்க்கலாமா?" என்றான்.

கூப்பன் புத்தகம் 20 வெள்ளி. முன்கூட்டியே படிவம் அனுப்பி விற்றது. அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஒரு கூம்பை நீட்டினேன், "அம்மா ஏசுவாங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "சரி, ஆன்ட்டிக்கு ஆள் பத்தல, கூம்பு சுருட்டித் தர்றியா?" என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுருட்டினான். என்னைவிட நேர்த்தியாக. கிளம்பும்போது கூலி என்று இரண்டு பொட்டலம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். ஒன்றைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தான், தங்கச்சிக்காம்.

யாருக்காகப் பணம் சேர்க்கிறோமோ அந்தப் பிள்ளையை நாங்களே வெளியே நிறுத்திவிட்டோமே! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் பள்ளியில் நிதி சேர்த்து வரச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த நன்கொடை அட்டை ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும், இந்த இடம் வரை படித்திருந்தால். டீச்சர் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவர் தொகையையும் உரக்கப் படிப்பார். என் அட்டையில் ஒரு வெள்ளி இருபது காசு, அதுவும் அப்பா போட்டது. நீ என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உன் புளோக்கின் பத்தாவது மாடியிலிருந்து இறங்கி இறங்கி, ஒவ்வொரு கதவிலும் "இவ அட்டையில எழுதுங்க ஆன்ட்டி" என்றாய். உன் அட்டையை வெளியே எடுக்கவே இல்லை. மறுநாள் உன் தொகையைப் படித்தபோது நீ தலையைக் குனியாமல் நின்றாய். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் உன்னிடம் பேசியதில்லை. நன்றிடீ.

அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பாசிரியர் கையால் ஒரே மாதிரி உறையில் 5 வெள்ளிக் கூப்பன் கொடுத்துவிட வேண்டும், மேற்கொண்டு வேண்டுபவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று குழுவில் எழுதினேன். வாட்ஸ்அப்பில் பெரிய வாக்குவாதம். ஆயிரம் பிள்ளைகள், 5,000 வெள்ளி நஷ்டம் என்கிறார் பொருளாளர். அவர் நல்ல மனிதர், கணக்கில் அவர் சொல்வது சரி. வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்கிறார் இன்னொருவர். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. யாருக்குக் கிடைத்தது என்று இடைவேளைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். பழைய சீருடைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு "தேவைப்படுவோருக்கு" என்று எழுதி வைத்த வருஷம் ஒருவர்கூட மேசைப்பக்கம் வரவில்லை. மறுவருஷம் "வீணாக்காமல் மாற்றிக்கொள்வோம்" என்று எழுதினோம். காரில் வந்தவர்களும் எடுத்தார்கள், நடந்து வந்தவர்களும் எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் மேசை காலி. இதைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.

கூட்டம் 18-ஆம் தேதி வியாழன் மாலை, விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். நீ இத்தனை வருஷம் கணக்காளராகக் குப்பை கொட்டுகிறாயே, எனக்காக ஒரு காரியம் செய். இந்த வருஷ வரவுசெலவைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தேக்காவிலும் நம் வட்டாரத்திலும் கடைக்காரர்களைக் கேட்டு அந்த 5,000-இல் பாதியைத் திரட்டலாம் என்று போட்டிருக்கிறேன், அது நடக்கிற கணக்கா? எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து, கூட்டத்துக்கு முந்தின நாள் புதன்கிழமைக்குள் போன் பண்ணு. ராத்திரி பதினொன்றுக்கு மேல் என்றாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

உன்,
நெட்டச்சி