பாஜிக்கு, அந்தப் பதிவை நீக்கிய பிறகு

பாஜி,

நேற்று ராத்திரி அந்தப் பதிவை நீக்கிவிட்டேன், கராச்சி ஃப்ளைட்டுக்கு முன் நீங்கள் காரில் உடை மாற்றியதைக் கிண்டலடித்து நான் எழுதியதை. ஏழு வருஷம் இருந்தது. நீங்கள் கேட்டபோது நீக்கவில்லை, இப்போது யாரும் கேட்காமல் நீக்கியிருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இதையும் தமிழில்தான் எழுதுகிறேன், ‘பாஜி’ என்கிற உங்கள் உருது ‘அக்கா’ மட்டும் அப்படியே. அன்றைக்கு யார் உங்களுக்கு வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னாரோ, அவரே இதையும் சொல்லட்டும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பது என் எண்ணம். சரி, வேண்டாம். இங்கே அவரும் வந்து படிப்பார்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது துபாய் ஏர்போர்ட்டின் அந்தக் கார் பார்க்கிங்தான். ஆகஸ்ட் மாதம். எஞ்சினை அணைத்தால் செத்துவிடுவோம் என்று ஏ.சி.யை ஓடவிட்டிருந்தேன். நீங்கள் பின்சீட்டில். கை இல்லாத வெள்ளை டாப், ஜீன்ஸ். பையில் டிஷ்யூ பேப்பர் வைத்து மடித்த லான் செட், மெல்லிய பருத்தியில் ஷல்வார், கமீஸ், துப்பட்டா, இளம்பச்சை. நான் வெளியே நின்று உங்கள் துப்பட்டாவை ஜன்னலுக்குக் குறுக்கே திரை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மீட்டர் துணி, அந்த அனல் காற்றில் ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் பறந்தது. டிராலி தள்ளிக்கொண்டு போன ஒரு குடும்பம் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தது.

கமீஸைத் தலை வழியாகப் போடும்போது ஜிமிக்கி கழுத்து எம்ப்ராய்டரியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து "அசைக்காதே, காது அறுந்துவிடும்" என்று கத்தினீர்கள். துப்பட்டாவைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு, தலையை உள்ளே விட்டு, நகத்தால் நூலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உங்கள் கழுத்து முழுக்க வேர்வை. அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் உங்களைப் பார்த்ததில்லை. உதட்டுச் சாயத்தை டிஷ்யூவால் துடைத்தீர்கள், முழுக்கப் போகவில்லை, இன்னொரு தடவை துடைத்தீர்கள். ஜீன்ஸை மடித்து சீட்டில் வைத்து, "இது இங்கேயே இருக்கட்டும், வரும்போது எடுத்துவா" என்றீர்கள்.

அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "ரெண்டு மணி நேர ஃப்ளைட்டுக்கு என்ன டிராமா பாஜி இது?"

"மாமனார் ஏர்போர்ட்டுக்கு வருகிறார்" என்றீர்கள். அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்குள் போனபிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரமே நான் எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் எதற்கென்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். பணக்கார கராச்சிப் பெண்களுக்கு ‘கார்தான் துப்பட்டா’ என்று எழுதினேனே, அதற்கில்லை. அந்த ஒரு வரியை எத்தனையோ பேர் எடுத்துப் பகிர்ந்தார்கள். இப்போதும் அது பொய் இல்லை. டிஃபென்ஸ் என்கிற பணக்காரப் பகுதியில் வீட்டு கேட்டுக்குள் காரில் ஏறி, கிளிஃப்டன் மாலின் வாசலில் இறங்குகிற ஜீன்ஸ் ஒருநாளும் தெருவைத் தொடுவதில்லை என்று சொன்னது நீங்கள்தான். சதர் கடைத்தெருப் பக்கம் துணி வாங்கப் போனால் முழுக்கைக் கமீஸ், அதுவும் டிரைவரோடு. கையின் நீளத்தை டெய்லர் மாஸ்டரிடம் சொல்வதற்கு முன், அதை யார் யார் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பீர்கள் என்று சொல்லிச் சிரித்ததும் நீங்கள்தான். உங்கள் ஊரில் சில கிளப்களில் ஷல்வார் கமீஸில் வருகிற ஆணை வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாமே, அந்த ஊரில் பெண்ணின் ஜீன்ஸுக்கு மட்டும் ஏன் இத்தனை கணக்கு என்று கேட்டதும் நீங்கள். நான் கேட்டதை எழுதினேன். எழுதலாமா என்று உங்களிடம் கேட்கவில்லை.

லான் விஷயத்திலும் நான் எழுதியதில் பாதி உங்களுடையது. பிப்ரவரி பிறந்தால் கராச்சி, லாகூர் முழுக்க விளம்பரப் பலகைகள். சட்டைக்கு, ஷல்வாருக்கு, துப்பட்டாவுக்கு என்று தைக்காத மூன்று துண்டு. கண்காட்சியில் கூட்டத்தில் இடித்துப் பிடித்து வாங்கி, டெய்லர் கடையில் ஒரு மாதம் தவம் கிடந்து தைத்துப் போட்டால், கொஞ்ச நாளில் அதே பூ, அதே பார்டர் பஜாரில் ‘ரெப்ளிகா’ என்று வந்துவிடும். ஒருநாள் காலை வேலைக்காரப் பெண் அதைப் போட்டுக்கொண்டு காபி கொண்டுவந்தாள் என்று சொன்னீர்கள். அன்றைக்கு மாலையே உங்கள் செட்டை அவளுக்கே கொடுத்துவிட்டீர்களாம். கதை முடிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாஜி. அந்தப் பெண்ணும் உங்களை ‘பாஜி’ என்றுதான் கூப்பிடுகிறாள். அன்றிலிருந்து அந்த வார்த்தையை வாயில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

உங்கள் நாட்டுப் பிரதமராக இருந்த பேநசீர் புட்டோவைப் பற்றி எழுதியதற்கு நிஜமாகவே மன்னிப்பு. ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஜீன்ஸ், ஓட்டு கேட்கும்போது தலையில் வெள்ளைத் துப்பட்டா என்று கிண்டலடித்திருந்தேன். போனில் நீங்கள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "1988-இல் முப்பத்தைந்து வயதில் அவள் பிரதமரானாள். பெண் ஆளலாமா என்று கேட்டவர்கள் எதிரே நின்றார்கள். தலையில் ஒரு துணி போட்டதைத்தானா நீ பார்த்தாய்?" எனக்குப் பதில் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் கிண்டல் எடுபடாது. எழுபதுகளின் தொடக்கத்தில் கராச்சி விருந்துகளுக்குக் கை இல்லாத ரவிக்கையும் ஷிஃபான் புடவையுமாகப் போனவர். வங்கதேசம் பிரிந்த 1971-க்குப் பிறகே புடவை மேல் வேறொரு நாட்டின் வாடை ஒட்டிக்கொண்டது. 1977-இல் ராணுவத் தளபதி ஜியா ஆட்சிக்கு வந்தபின் டி.வி.யில் தோன்றுகிற பெண்களெல்லாம் தலையை மூட வேண்டும் என்றானது. மூடமாட்டேன் என்று டி.வி. தொகுப்பாளர் மெஹ்தாப் சன்னா வெளியேறியதை நீங்கள் சொந்த அக்கா கதை மாதிரிச் சொல்வீர்கள். அம்மாவின் பெட்டியைச் சட்டம் வந்து பூட்டவில்லை. பார்க்கிறவர்களின் கண் மாறியது, அவரே பூட்டினார். அதிலிருந்து ஒரு புடவையை எடுத்துவந்து, கொசுவம் வைக்கச் சொல்லிக்கொடு என்று என் முன்னால் வந்து நின்றீர்களே, பழைய ஷிஃபான், மடிப்பில் இற்றுப்போயிருந்தது. ‘இது நம் ஊரில் கோயிலுக்குக் கட்டுவது, இவளுக்கு அது ஃபேஷன்’ என்று மனசுக்குள் நினைத்தேன். வாயில் நல்லவேளை வரவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இதை நீக்கிய பதிவில் சொல்லியிருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது.

உங்களுக்குச் சல்வார் கமீஸ் பாட்டி காலத்து உடை. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சுடிதார், தொண்ணூறுகளில் அது ‘மாடர்ன் டிரஸ்’. பாவாடை தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாற நான் அம்மாவிடம் ஒரு வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். "வடநாட்டுக்காரி மாதிரித் திரியப்போறியா?" என்பாள். கடைசியில் துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தினால்தான் போடலாம் என்று ஒப்பந்தம். அந்த ஊக்கைப் பார்த்துத்தான் நீங்கள் ஒருநாள், "துப்பட்டாவை ஏன் சிலுவையில் அறைந்திருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். நம் ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நான் மறக்கவில்லை. அந்தப் பதிவை எழுதும்போது கை அவ்வளவு வேகமாக ஓடியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபின் ஜீன்ஸ்தான். ஊருக்குப் போகும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டி தாண்டியதும் பையை எடுத்துக்கொண்டு டாய்லெட்டுக்குப் போவேன். ஒரு காலைத் தூக்கி, ஈரத் தரையில் துணி படாமல், ஆடுகிற ரயிலில் மாற்றிக்கொண்டு, ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு தோளில் குத்துவேன். ஜங்ஷனில் அப்பா நிற்பார். எனக்குத் துணியைத் திரையாகப் பிடிக்க ஆள் இல்லை, கார் இல்லை. மற்றதெல்லாம் அதேதான். இதை மறைத்துவிட்டுத்தான் உங்களை டிராமா என்று எழுதிக் கைதட்டு வாங்கினேன்.

உங்கள் வீட்டில் அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். எனக்குத் தெரியும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஒரே போனில் என்னை முடித்துவிட்டீர்கள் என்ற கோபமும் எனக்கு இருக்கிறது. திட்ட வேண்டுமென்றால் நாலு முறையாவது திட்டியிருக்கலாம்.

உங்கள் ஜீன்ஸ் என் அலமாரியில்தான் இருக்கிறது. இரண்டு வீடு மாறியும் கூடவே வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை இங்கே மீனா பஜார் கடைத்தெருவுக்குப் போனேன். இந்த வருஷத்து லான் வந்துவிட்டது. கடுகு மஞ்சளில் ஒரு செட் எடுத்தேன், அசல்தான், ரெப்ளிகா இல்லை. பக்கத்திலேயே டெய்லர், முல்தான்காரர். துணியை விரித்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கை எவ்வளவு நீளம் வைக்க, பாஜி?" என்றார்.

துணி அவரிடமே இருக்கட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.