அறையோடு ஒப்பந்தத்தாளும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் உள்ள என் நான்கறை வீட்டில் ஓர் அறையைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறேன். கணவர் இறந்த பிறகு பிள்ளைகளின் யோசனைப்படி தொடங்கியது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் இங்கே வேலைக்கு வந்த தமிழ்ப் பெண்கள். தாதியர் உண்டு, கணக்கு வேலை பார்ப்பவர்கள் உண்டு. தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள், ஜொகூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்தார்கள். என்னிடம் வருவதற்கு முன் தங்கியிருந்த இடங்களைப் பற்றி அவர்கள் சொன்னவைதான் என்னை எழுத வைக்கின்றன. அந்த இடங்களில் பெரும்பாலானவை நம் தமிழர் வீடுகள்.

இப்போது என்னோடு இருக்கும் தாதிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பிருந்த வீட்டில் மாத வாடகை 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முன்பணமும் 850 வெள்ளி. இரண்டையும் ரொக்கமாகத்தான் வாங்கினார்கள், ரசீது தரவில்லை. "நம்ம ஆளுங்கதானேம்மா, பேப்பரெல்லாம் எதுக்கு?" என்றாராம் அந்த வீட்டுக்கார அம்மா. கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிருக்கிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அறை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்கவேண்டியவர் அந்த வாரம் முழுக்க அறை தேடி அலைந்தார். முன்பணத்தைக் கேட்டபோது மெத்தையில் கறை என்றார்கள், ஏர்கான் பழுது என்றார்கள், கரண்ட் பில் பாக்கி என்றார்கள். ஒரு காசும் திரும்பவில்லை. தோழியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார். என் வீட்டில் முதல் மாத வாடகையைப் பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பியவர், "ஆன்ட்டி, பணம் வந்திருச்சுன்னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கேட்க உரிமை உள்ள ஒன்றைக் கேட்பதற்கு அவ்வளவு பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். இணையத்தில் அறை விளம்பரங்களைப் பார்க்கிறவர்கள் "இந்தியர் வேண்டாம்" என்ற வரியை வெவ்வேறு வடிவங்களில் பார்த்திருப்பார்கள். வெளிப்படையாக எழுதாதவர்கள் "சமையல் கூடாது" என்று எழுதுவார்கள். தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே அறை போய்விட்டது என்பார்கள். 2021 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், சிறுபான்மையினர் வீடு வாடகைக்குத் தேடும்போது இப்படி ஒதுக்கப்படுவதை எடுத்துச் சொன்னார். வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராக 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தையே நிறைவேற்றியது. ஆனால் அது வேலையிடத்துக்கு உரிய சட்டம். வாடகை அறையை அது தொடாது. இப்படி நாலு இடத்தில் கதவடைக்கப்பட்ட பிறகு ஒரு பெண் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். நாம் "வாம்மா" என்றதும் அவளுக்கு உண்டாகிற நன்றியில், தாள் கேட்கத் தோன்றாது. தோன்றினாலும் கேட்க மாட்டாள். அந்த நன்றியைப் பயன்படுத்திக்கொண்டு முன்பணத்தை விழுங்குவது எனக்குத் தாங்க முடியாத செயலாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலர் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். சரி, அது பேச்சுக்கு. அப்புறம் ஊரில் எந்தத் தெரு, அப்பாவின் பெயர் என்ன என்று போகிறது. எதற்காக இந்தக் கேள்வி என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். இனத்தைப் பார்த்து நமக்கு அறை மறுத்தால் கொதிக்கிற நாமே சாதியைப் பார்த்து அறை மறுப்பதும் அதே குற்றம்தான்.

தாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஏன் எழுதிக் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். வரி கட்டவேண்டி வரும் என்பதுதான் பெரும்பாலும் பதில். என் கணக்கையே சொல்கிறேன். மாதம் 900 வெள்ளி வாங்குகிறேன், ஆண்டுக்கு 10,800 வெள்ளி. வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையமே இடம் தருகிறது. மீதி 9,180 வெள்ளி. வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. மத்திய சேமநிதியிலிருந்து (மசேநி) மாதாமாதம் வரும் தொகைக்கும் வரி இல்லை. வேறு சம்பளம் இல்லாத என்னைப் போன்ற மூத்தோர் எதற்காகப் பயப்படவேண்டும்? நாமே குடியிருந்துகொண்டு அறையை மட்டும் விடுவதால் சொத்து வரியின் சலுகை விகிதமும் போய்விடாது. வேலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வரி வரலாம். வந்தால் கட்டத்தான் வேண்டும்.

வெளிநாட்டினருக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுமதி தராது என்று ஒரு பேச்சும் உலவுகிறது. அந்த ஒதுக்கீடு முழு வீட்டையும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு. மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீட்டில் நாமே குடியிருந்து அறையை மட்டும் விடுவதற்கு அது பொருந்தாது. ஆனால் வாடகை தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கவேண்டும், ஒவ்வொரு வாடகைக் காலமும் 6 மாதத்துக்குக் குறையக்கூடாது, வருகிறவரின் வேலை அனுமதி அட்டை செல்லுமா என்று நாமே சரிபார்க்கவேண்டும். ஹாலைப் பலகையால் தடுத்து அறை என்று விடக்கூடாது. நான்கறை வீடுகளிலும் அதைவிடப் பெரிய வீடுகளிலும் உறவில்லாதவர்கள் தங்கும் வரம்பை 2024 ஜனவரி 22 முதல் 6 பேரிலிருந்து 8 பேராகத் தற்காலிகமாக உயர்த்தியிருக்கிறார்கள். அதையும் மீறி ஆள் சேர்க்கிறவர்கள்தான் எதையும் எழுத்தில் வைக்க விரும்பமாட்டார்கள். மாட்டினால் அபராதம், மோசமானால் வீட்டையே வீவக எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய வீட்டை இதற்காகவா பணயம் வைப்பது?

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு 14 நாளுக்குள் முத்திரை வரி கட்டவேண்டும். அது மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 900 வெள்ளி அறைக்கு ஓராண்டுக்கு 43 வெள்ளி வருகிறது. வழக்கமாகக் குடியிருப்பவர் கட்டுவார். என் வீட்டில் பாதி நான் கொடுக்கிறேன். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள் என்பதால் இதை விட்டுவிடக்கூடாது. தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை, 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே அங்கு கொண்டுபோகலாம். இது வீட்டுக்காரருக்கும் பாதுகாப்புத்தான். வாடகை பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

என் ஒப்பந்தம் இரண்டு பக்கம். வாடகை, முன்பணம், காலி செய்து 14 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தருவது, பிடித்தம் செய்தால் அதற்கான ரசீதைக் காட்டுவது எல்லாம் முதல் பக்கத்தில். வரும் நாளன்று இருவரும் சேர்ந்து அறையையும் மெத்தையையும் ஏர்கானையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்கிறோம். வேலை அனுமதி ரத்தானால் பெரும்பாலும் 30 நாளில் நாட்டைவிட்டுப் போகவேண்டியிருக்கும்; அப்படி ஆகிவிட்டால் மீதி மாதங்களுக்கு வாடகை கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். வேலையை இழந்து நிற்கிறவரிடம் வாடகைக்காக வாதாட எனக்கு மனம் வராது.

இரண்டாம் பக்கம் பெரும்பாலும் சமையல்தான். இதை எழுதாமல் விட்டால்தான் மனஸ்தாபமே வருகிறது. சமைக்கலாம், மீனும் பொரிக்கலாம். சன்னலைத் திறந்து வைக்கவேண்டும், அடுப்பைத் துடைத்துவிடவேண்டும். குளிர்பதனப் பெட்டியில் நடுத்தட்டு அவருக்கு. காலை வேலைக்குப் போகும் நாட்களில் விடியற்காலையில் குக்கர் வைத்துக்கொள்ளலாம், அந்தச் சத்தம் எனக்குப் பரவாயில்லை. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்துவிட்டு வருகிற ஒருவருக்கு ஒரு ரசம் வைக்கக்கூட இடமில்லை என்றால், அந்த அறைக்கு எதற்கு 900 வெள்ளி?

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். சொத்து முகவர் மன்றத்தின் இணையத்தளத்தில் வாடகை ஒப்பந்த மாதிரி ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை ஒட்டி, ஓர் அறையை மட்டும் விடுகிறவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை எளிய தமிழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் வெளியிடுங்கள். கத்தரித்து வைத்துக்கொள்ள நிறைய பேர் இருப்பார்கள். சமூக மன்றங்களில் உள்ள இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் ஒரு சனிக்கிழமை மாலை மேசை போட்டு, சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக வீவக அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் முத்திரை வரி கட்டவும் மூத்தோருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஈசூனில் யாராவது ஏற்பாடு செய்தால் நானும் வந்து உட்கார்ந்து உதவத் தயார்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் ஒருவர்,
ஈசூன்