சுருக்கிய சாகசம் போதாது

ஆசிரியருக்கு,

பழைய ஆங்கிலச் சிறுவர் சாகச நூல்கள் இன்றைய பிள்ளைகளுக்கு மெதுவாகத் தோன்றும், சுருக்கப் பதிப்பே போதும் என்கிறது தங்கள் கோடை வாசிப்புக் கட்டுரை. என்னால் இதை ஏற்க முடியவில்லை. 1930இல் வெளிவந்த ஆர்தர் ரான்சமின் ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நூலையே எடுத்துக்கொள்வோம். வட இங்கிலாந்தின் ஏரி ஒன்றில் நான்கு பிள்ளைகள் பாய்மரப் படகில் தீவுக்குப் போய்க் கூடாரம் அடிக்கிறார்கள். கரையிலுள்ள பண்ணையில் பால் வாங்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், காற்றைப் பார்த்துப் பாயைத் திருப்ப வேண்டும். இந்த விவரங்கள்தான் கதையின் உயிர். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இவைதான்.

தொடக்கத்திலேயே ஏழு வயது ரோஜர் தன்னைப் பாய்மரக் கப்பலாக நினைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில் புல்வெளி மேட்டை வளைந்து வளைந்து ஏறி அம்மாவிடம் ஓடுகிறான். வாசித்துக் காட்டியபோது, “ஏன் நேராப் போகல?” என்று கேட்டாள் என் பேத்தி. பாய்மரக் கப்பல் காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது, இருபுறமும் மாறி மாறி வளைந்துதான் முன்னேறும் என்று அப்புறம் படம் வரைந்து விளக்கினேன். மறுநாள் அவளே தன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆகவே முழு நூலையே பரிந்துரையுங்கள். கூடவே, படகின் பாகங்களையும் பாய் திருப்பும் விதத்தையும் தங்கள் சிறுவர் இணைப்பில் ஒரு பக்கப் படமாக வெளியிடலாம்.