பூட்டிய அலமாரியும் பூஜ்யக் கணக்கும்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். ஷார்ஜாவிலுள்ள நம் பள்ளியின் ஏழாம், எட்டாம் வகுப்பு நூலக உதவி மாணவர்கள் எழுதுவது. பார்கோடு ஒட்டுவது, திரும்பி வந்த புத்தகங்களை எண்வரிசைப்படி அடுக்குவது, கிழிந்தவற்றுக்கு டேப் போடுவது எல்லாம் எங்கள் வேலை. எனவே இந்த விஷயத்தில் எங்கள் பேச்சையும் கொஞ்சம் கேட்கலாம்.

சுற்றறிக்கை உங்களுடையதே என்பதால் அதை விளக்கத் தேவையில்லை. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை நூலக வகுப்பு இனிக் கிடையாது, அந்த நேரம் கணிதப் பயிற்சிக்கு. தமிழ் அலமாரியைக் காலி செய்து, புத்தகங்களைப் பெட்டியில் கட்டி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பவேண்டும். சொல்லப்பட்ட காரணம்: கடந்த ஆண்டு தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இரவல் போகவில்லை என்று கணினி அறிக்கை சொல்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். வாரம் ஒரு நூலக வகுப்பைத் திருப்பித் தாருங்கள். தமிழ் அலமாரியைத் திறந்து, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று யாராவது பார்த்தீர்களா? நூலக மென்பொருளில் ஒரு தமிழ்த் தலைப்பைத் தட்டச்சு செய்து சேமித்து, மறுபடி திறந்து பாருங்கள். தலைப்பு இருக்காது, வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். தரவுத்தளத்தை எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடுக்கு அமைக்காமல், ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் பழைய அமைப்பிலேயே விட்டிருக்கிறார்கள். எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஐடி பிரிவில் சொன்னார்கள். ஆகாது. சேமிக்கும்போதே எழுத்து அழிந்துபோகிறது. முதலில் அமைப்பை மாற்ற வேண்டும், பிறகு தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க வேண்டும். இதற்கிடையில் யாரோ சில தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ‘கதைகள்’ மட்டும் மூன்று ஸ்பெல்லிங்கில் இருக்கிறது. தேடுகிறவர் நான்காவதாக ஒன்றை அடித்துப் பார்த்துவிட்டு, புத்தகம் இல்லை என்று போய்விடுகிறார்.

நேராக அலமாரிக்கே போய் எடுக்கலாமே என்றால், அது பூட்டியிருக்கும். சாவி இரண்டாம் மாடி ஸ்டாஃப் ரூமில் தமிழ் ஆசிரியையிடம். அவர் பாவம், மதிய இடைவேளையில் இறங்கி வந்து புத்தகம் கொடுப்பார். மென்பொருளில் பதிய வழியில்லாததால் ஒரு லாங் சைஸ் நோட்டில் பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்த நோட்டு இப்போதும் கவுன்டரின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. அட்டை பிய்ந்துபோகும் அளவுக்குப் புரண்ட நோட்டு. கணினிக்கு அது தெரியாது, அதனால் அறிக்கையில் பூஜ்யம். தயவுசெய்து அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

கால அட்டவணையின் நெருக்கடி எங்களுக்குப் புரியாமல் இல்லை. 2022 ஜனவரி முதல் ஷார்ஜாவில் பள்ளி திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள்தான். ஐந்து நாள் பாடத்தை நான்கில் அடைக்கும்போது ஏதாவது ஒன்று வெளியே விழும். அரபி ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயம், அதில் கைவைக்க முடியாது. வைக்கவும் வேண்டாம், வாழும் ஊரின் மொழி அது. பரீட்சை இல்லாத பாடம் நூலகம் ஒன்றுதான், ஆகவே அது விழுந்தது.

ஆனால் மீதி மூன்று நாள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா? அப்பாவுக்குத் துபாயில் வேலை என்றால் வெள்ளியும் வேலைநாள்தான், சில கம்பெனிகளில் சனியும். அம்மாவும் வேலைக்குப் போனால் வீட்டில் பிள்ளைகள் மட்டும். ஒற்றை படுக்கையறை ஃப்ளாட், மே முதல் செப்டம்பர் வரை பகலில் கீழே இறங்கி விளையாட முடியாத வெயில், கையில் போன். போனை வைத்துவிட்டுப் புத்தகம் படி என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொல்கிறீர்கள். எந்தப் புத்தகத்தை?

ஊரிலிருந்து கொண்டுவரலாமே என்பது எல்லோரும் சொல்கிற பதில். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை-ஆகஸ்ட் விடுமுறையில்தான் பெரும்பாலான குடும்பங்கள் ஊருக்குப் போகின்றன. திரும்பும்போது ஆளுக்கு 30 கிலோ. அதற்குள் சாம்பார் பொடி, ஊறுகாய், தைத்த யூனிஃபார்ம், பாட்டி கட்டிக் கொடுத்த முறுக்கு. கவுன்டரில் எடை கூடினால் முதலில் வெளியே வருவது புத்தகம்தான். கூரியரில் வரவழைத்தால் புத்தக விலையைவிட அனுப்பும் செலவு அதிகம்.

ஷார்ஜாவில் பொது நூலகங்கள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. 1925-லேயே நூலகம் கண்ட நகரம் இது. 2020-இல் திறந்த பைத்துல் ஹிக்மா நூலகம் அருமையான இடம். ஆனால் அது விமான நிலையத்துக்கு எதிரில். நகருக்குள் இருக்கும் ரோலா பகுதியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக அங்கே போக முடியாது. காரும் ஓய்வும் உள்ள பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். பள்ளி நூலகத்துக்கு பஸ்ஸே கொண்டுவந்து விடுகிறது.

தமிழ் படிப்பதைப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு வேலை நிரந்தரமில்லை. அப்பாவின் விசா கேன்சலானால் அடுத்த மாதமே ஊரில் பள்ளி தேட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இங்கே இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவே இல்லை, போதிய பேர் சேரவில்லையாம். அந்தப் பிள்ளைகள் எட்டிலோ ஒன்பதிலோ ஊர் திரும்பினால், வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே தமிழ்ப் பாடத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்பார்கள். பிரிவைத் திறக்க முடியாது என்றால் அலமாரியையாவது திறங்கள்.

மார்ச் மாதம் இந்த நாட்டின் வாசிப்பு மாதம். நம் பள்ளியில் மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. நூலகத்திலோ ஸ்டாக் எடுப்பதற்காக எல்லாப் புத்தகங்களையும் திரும்பப் பெற்றுக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனாலும் கொண்டாட்டம் உண்டு. இருபது நிமிடம் எல்லோரும் கையில் ஏதாவது ஒரு புத்தகத்தோடு உட்கார வேண்டும், போட்டோ எடுப்பார்கள். தலைகீழாகப் பிடித்திருந்த பிள்ளையின் படம்கூடப் பள்ளிப் பக்கத்தில் வந்தது. நவம்பரில் எக்ஸ்போ சென்டர் புத்தகக் கண்காட்சிக்கு பஸ் விடுவீர்கள், வாசலில் குழுப் படம் எடுத்ததும் அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். யுனெஸ்கோ 2019-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்த ஊரில், புத்தகத்தோடு நிறையப் படம் எடுத்துக்கொள்கிறோம். நூலகக் கதவில் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை அச்சிட்டு ஒட்டியிருக்கிறீர்கள். சீர்காழியில் பிறந்தவர், 1931-இல் சொன்னது. முதல் விதியே, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. உள்ளே போனால் பூட்டு.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நடைமுறைக்கு வருகிறோம்.

நாற்பது நிமிட வகுப்பில் படிக்க நேரமே கிடைப்பதில்லை என்று நூலகர் மேடம் சொல்வது உண்மை. இறங்கி வர ஐந்து நிமிடம். பிறகு முப்பது பேர் ஒரே கவுன்டரில் நின்றால், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் வகுப்பு கிட்டத்தட்ட முடிந்துவிடும். இதற்கு வழி உண்டு. வகுப்பறை வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். திங்கட்கிழமை அதில் புத்தகங்களைப் போட்டுவிட்டால், நாங்கள் எடுத்துப்போய் இடைவேளையில் ஸ்கேன் செய்து வரவு வைத்துவிடுவோம். இரவலை இரண்டு வாரத்துக்குக் கொடுத்து, வாரத்துக்கு வகுப்பில் பாதிப் பேர் மட்டும் புத்தகம் எடுத்தால் வரிசை பதினைந்து பேராகக் குறையும். மீதிப் பாதி அந்த நேரம் முழுக்கப் படிக்கும். வகுப்பு வியாழனில் அமைந்தால் மூன்று நாள் விடுமுறைக்குப் புத்தகம் வீட்டில் இருக்கும்.

தமிழ்த் தலைப்புகளை யூனிகோடில் அடித்துத் தர நாங்கள் தயார். தரவுத்தள அமைப்பை மாற்றுவது மட்டும் ஐடி பிரிவின் வேலை. நூல்களை வகைப்படுத்தும் டியூயி முறைப்படி தமிழ் மொழி நூல்களுக்கு 494.811, இலக்கியத்துக்கு 894.811 என்று எண் போட்டு மற்ற புத்தகங்களோடு திறந்த தட்டில் அடுக்கினால் தனிச்சாவியே வேண்டாம்.

ஆறாம் வகுப்பினருக்கு எளிய புத்தகம் இல்லை என்றால், ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. பதினாறு பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள் போதும்: இருபுறமும் அச்சிட்டு, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு பின். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எழுத்தை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் சில கணினிகளில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பிடிஎஃப் கோப்பாகவே அச்சிட வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. பெட்டிகள் போகும் ஸ்டோர் ரூமில் ஏசி கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் மூடிய அறையில் பேப்பர்பேக்கின் முதுகுப்பசை தாங்காது, பக்கங்கள் கற்றையாகக் கழன்றுவிடும். அதன்பின் அலமாரியைத் திறந்தும் பயனில்லை. ஆகவே கோடை விடுமுறைக்கு முன்பே, வாரம் ஒரு நூலக வகுப்பையும் திறந்த தமிழ் அலமாரியையும் வீட்டுக்கு இரவலையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பெட்டிகள் இன்னும் படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. நீங்கள் சொன்னால் ஒரே இடைவேளையில் மறுபடி அலமாரியில் ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
நூலக உதவி மாணவர்கள்,
ஏழாம், எட்டாம் வகுப்புகள்